‘ஃபார்ம் டூ இருக்கா?’

எங்கள் ஊர் வாலிபால் கிரவுண்டில் ஒரு பெண் நன்றாக ஆடுகிறாள் என்று தெரிந்தால், ஓரமாக பைக்கை நிறுத்தி அதன் மேல் சாய்ந்து பார்க்கிற பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி அவள் செட்டரா, அட்டாக்கரா என்பதல்ல. ‘ஃபார்ம் டூ இருக்கா?’ என்பதுதான். இருக்கிறது என்று சொன்னால் முகமே மாறிவிடும். அதற்கப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிற தொனியே வேறு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஆடியதற்கான சான்று குறிப்பிட்ட படிவத்தில் இருக்க வேண்டும். நாட்டுக்காக ஆடியிருந்தால் ஃபார்ம் ஒன்று. மாநில அணிக்காக தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் ஃபார்ம் டூ. பல்கலைக்கழக அணி என்றால் மூன்று, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் நான்கு. கோப்பைகள் டிவி மேல் தூசி படிந்து கிடக்கும், ஃபார்ம் டூ மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் பீரோவில் நகையோடு இருக்கும்.

‘உச்ச அளவில் விளையாடும் பெண்கள் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறார்கள்’ என்று யாராவது எழுதினால் எனக்கு அந்த பீரோதான் ஞாபகம் வருகிறது. ஏனென்றால் அப்படிப்பட்ட கட்டுரைகளில் வழக்கமாக வருகிற கதைகள் வேறு மாதிரி. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் சாலை சைக்கிள் பந்தயத்தில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் தங்கம் வாங்கினாரே, அது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தார், எந்தத் தொழில்முறை அணியிலும் அப்போது இல்லை. 137 கிலோமீட்டர் பந்தயத்தில் ஆரம்பத்திலேயே பிரிந்து போய்விட்டார், பின்னால் வந்தவர்கள் அவரை மறந்தே போனார்கள். இரண்டாவதாக வந்த நெதர்லாந்துக்காரர் தான்தான் ஜெயித்ததாக நினைத்துக் கையைத் தூக்கினார். அப்புறம் அமெரிக்காவின் கேபி தாமஸ். ஹார்வர்டில் நரம்பு உயிரியல் படித்தவர், பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்தவர், மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கான ஒரு கிளினிக்கில் வாரத்தில் சில மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டரிலும் இரண்டு தொடர் ஓட்டங்களிலும் தங்கம் வாங்கினார்.

கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்கும் வேலை ஒரு தட்டில், விளையாட்டு இன்னொரு தட்டில். நடுவில் முள். நம் ஊரில் தராசே கிடையாது, ஒரே தட்டுதான். விளையாடுவதால் வேலை கிடைக்கிறது, அந்த வேலை தருகிற சம்பளத்தில்தான் தொடர்ந்து விளையாட முடிகிறது. வேலைதான் ஸ்பான்சர். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தியப் பெண்களின் விளையாட்டில் எதையுமே புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

அந்த ஸ்பான்சர்களில் பெரியது ரயில்வே. விளையாட்டுக்கென்று அங்கே ஒரு அமைப்பு உருவானது 1928ல், இன்று அதன் பெயர் ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம். பி.டி. உஷா தெற்கு ரயில்வே. கிரிக்கெட்டில் டயானா எடுல்ஜி மேற்கு ரயில்வே. மித்தாலி ராஜ் செகந்திராபாத்தில் தென்மத்திய ரயில்வே. ரியோ ஒலிம்பிக் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கிய சாக்‌ஷி மாலிக் வடக்கு ரயில்வே. டோக்கியோவில் ஆஸ்திரேலியாவைக் காலிறுதியில் 1-0 என்று வீழ்த்திய பெண்கள் ஹாக்கி அணி நினைவிருக்கிறதா, அந்த ஒரே கோலை அடித்த குர்ஜித் கவுர் அப்போது பிரயாக்ராஜில் ரயில்வே கிளார்க். தேசிய வாலிபால் போட்டியில் பெண்கள் இறுதியாட்டம் என்றாலே எத்தனையோ வருடம் ரயில்வேயும் கேரளாவும்தான் மோதும், அதிலும் ரயில்வே அணியில் பாதி மலையாளிகளாக இருப்பார்கள். கேரளாவில் மின்சார வாரியத்துக்கே பலமான பெண்கள் வாலிபால் அணி உண்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு இதை விளக்கிப் பாருங்கள், கரண்டு பில் வாங்குகிற ஆபீஸ் எதற்கு வாலிபால் ஆடுகிறது என்று தலையைச் சொறிவார்.

சரி, உள்ளே எப்படிப் போவது? ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் மொத்தம் 100 மதிப்பெண். அதில் ட்ரையல்ஸுக்கு 40, அதாவது மைதானத்தில் பயிற்சியாளர்கள் முன்னால் ஆடிக்காட்டுவது. இதுவரை ஆடிய போட்டிகளுக்கு 50. படிப்புக்கு 10. ட்ரையல்ஸில் 40க்கு 25 எடுக்காவிட்டால் கையில் எவ்வளவு பெரிய சான்றிதழ் இருந்தாலும் வீட்டுக்குப் போகலாம். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு என்று போனவர்களுக்கு மேல்நிலைப் பதவிகள், தேசியப் போட்டியோடு நின்றவர்களுக்கு அதற்குக் கீழே. ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் முதல் நிலைக்கு அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், இரண்டாம் நிலைக்கு 19,900, ஐந்தாம் நிலைக்கு 29,200. படிகள் எல்லாம் இதற்கு மேல். பதவி என்று பார்த்தால் பெரும்பாலும் கிளார்க், டிக்கெட் பரிசோதகர், இந்த மாதிரி.

கிரிக்கெட் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சில்லறைக் காசாகத் தோன்றலாம். ஆனால் 21 வயதுப் பெண், அப்பா கூலி வேலை, கடைசித் தங்கை பத்தாவது படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் பிறந்தால் சம்பளம், ரயில்வே மருத்துவமனை, குவார்ட்டர்ஸ், ரயில் பாஸ். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஊர் வாய் மூடும். அதுவரை ‘வயசுக்கு வந்த பொண்ணு ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு ஆடுது’ என்று பேசிய அதே ஆட்கள், கவர்மென்ட் வேலை என்றதும் தங்கள் பெண்ணையும் அதே கோச்சிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெண்கள் விளையாட்டுக்கு நம் ஊரில் யாராவது விளம்பரம் செய்திருக்கிறார்கள் என்றால் அது விளையாட்டு அமைச்சகம் இல்லை, வேலை ஆணைதான்.

இன்னொன்று லீவு. சிரிக்காதீர்கள், இந்த விஷயத்தின் மையமே லீவு விதிகள்தான். மத்திய அரசு ஊழியருக்கு தேசிய, சர்வதேசப் போட்டிகளில் கலந்துகொள்ள ஆண்டுக்கு 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு, ஸ்பெஷல் கேஷுவல் லீவ் என்பார்கள். இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குப் போனால் பல இடங்களில் அது பணி நாளாகவே கணக்கில் வரும். ஆபீஸ் பாஷையில் ‘ஓ.டி.’, ஆன் டூட்டி. அதாவது பாட்டியாலா முகாமில் மூன்று மாதம் ஓடிக்கொண்டிருந்தாலும் வருகைப் பதிவேட்டில் நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள்.

இதன் அருமை எப்போது தெரியும் என்றால், குழந்தை பிறக்கும்போது. 2019ல் அமெரிக்காவின் அலிசன் ஃபெலிக்ஸ் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அப்போதே ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருந்தவர். கர்ப்பமான பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சில் தன் ஸ்பான்சரான நைக் நிறுவனம் முன்பைவிட 70 சதவீதம் குறைவாகத் தர முன்வந்தது என்றும், பிரசவத்துக்குப் பிறகு ஆட்டம் கொஞ்சம் தணிந்தால் அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று உத்தரவாதம் கேட்டால் தரவில்லை என்றும் எழுதினார். பெரிய சத்தம் கிளம்பியது, சில மாதத்தில் நிறுவனம் கொள்கையை மாற்றிக்கொண்டது. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரிகளில் ஒருவருக்கு, உலகத்தின் மிகப் பணக்கார விளையாட்டு நிறுவனத்தோடு, இந்த நிலைமை. இங்கே மத்திய அரசில் கிளார்க்காக இருக்கிற ஒரு கபடி வீராங்கனைக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 180 நாள் முழுச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு யாரிடமும் கெஞ்சாமல் கிடைக்கும். அதற்கு மேல் பணிக்காலத்தில் மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தனி. அவள் ஆட்டம் எப்படி இருந்தது என்று அந்த விதி கேட்பதில்லை, ஏனென்றால் அது வீராங்கனைக்குக் கொடுக்கப்பட்டதே இல்லை, ஊழியருக்குக் கொடுக்கப்பட்டது. அவள் ஊழியராகவும் இருப்பதால் தப்பித்தாள்.

ஓட்டக்காரி ஷைனி வில்சனை இங்கே சொல்லாமல் போக முடியாது. கேரளத்துக்காரர், ஆனால் வேலை சென்னையில், இந்திய உணவுக் கழகத்தில். 1984லிருந்து 1996 வரை நான்கு ஒலிம்பிக். 1992ல் பார்சிலோனாவில் இந்தியாவின் கொடியைப் பிடித்து நடந்தார், ஒலிம்பிக்கில் அப்படி நடந்த முதல் இந்தியப் பெண். அப்போதே அவர் ஒரு குழந்தைக்குத் தாய். அதற்கும் பிறகு, 1995ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 வினாடியில் ஓடினார். அந்தச் சாதனையை டின்டு லூகா முறியடிக்க 2010 வரை ஆனது. தாயான பிறகு வாழ்க்கையின் சிறந்த ஓட்டம், அதுவும் எந்த ஷூ கம்பெனியும் தாங்கிப் பிடிக்காத காலத்தில். தாங்கியது அரிசி மூட்டை அடுக்குகிற ஒரு பொதுத்துறை நிறுவனம். ஓட்டம் முடிந்த பிறகும் அங்கேயே இருந்து உயர் பொறுப்புகளுக்கு வந்தார்.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஏற்பாடு எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. தோனி கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக இருந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையின் சுவாரசியமே அவர் அதை விட்டுவிட்டு வந்ததில்தான். ஆண்கள் கிரிக்கெட்டில் ரயில்வே அணி 2001-02லும் 2004-05லும் ரஞ்சிக் கோப்பையே வென்றது. ஐ.பி.எல். வந்த பிறகு அந்த அணியைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பெண்கள் பக்கம் நேர்மாறு. 2005ல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை இறுதிக்கு மித்தாலி தலைமையில் இந்தியா போனது, சென்சூரியனில் ஆஸ்திரேலியாவிடம் 98 ரன்னில் தோற்றது. அந்தத் தொடருக்கு ஒரு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் என்ற கணக்கில் எட்டாயிரம் கிடைத்தது என்று மித்தாலியே பிற்பாடு சொன்னார். உலகக் கோப்பை ரன்னர் அப், எட்டாயிரம் ரூபாய். பெண்கள் கிரிக்கெட் பி.சி.சி.ஐ.யின் கீழ் வந்தது 2006ல், ஆனால் வீராங்கனைகளுக்கு வருடாந்திர ஒப்பந்தம் என்ற ஒன்று வந்தது 2015ல்தான். நடுவில் இருக்கிற அத்தனை வருடமும் இவர்கள் எதை வைத்துச் சாப்பிட்டார்கள்? ரயில்வே சம்பளத்தை வைத்து. ஏர் இந்தியாவும் கொஞ்சம் பேரைத் தாங்கியது. 1999ல் அயர்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே சதம் அடித்த மித்தாலி 2022 வரை ஆடி ஒருநாள் போட்டிகளில் மட்டும் 7,805 ரன் எடுத்தார் என்றால், அந்த 23 வருடத்தின் பெரும் பகுதிக்கு மாதச் சம்பளம் கொடுத்தது கிரிக்கெட் வாரியம் இல்லை.

2017 உலகக் கோப்பையில்தான் நாடு திரும்பிப் பார்த்தது. டெர்பியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹர்மன்ப்ரீத் 115 பந்தில் 171 அடித்த அரையிறுதி, லார்ட்ஸில் இங்கிலாந்திடம் 9 ரன்னில் தோற்ற இறுதி. அந்த அணியின் 15 பேரில் 10 பேர் ரயில்வே ஊழியர்கள். அணித்தலைவி மித்தாலி உட்பட. இந்திய அணி என்று நாம் கைதட்டியது மூன்றில் இரண்டு பங்கு ரயில்வே அணிக்கு. அதனால்தான் உள்நாட்டு ஒருநாள் கோப்பையையும் ரயில்வே கிட்டத்தட்ட வருடா வருடம் தூக்கிக்கொண்டு போனது. நல்ல ஆட்டக்காரி எந்த மாநிலத்தில் முளைத்தாலும் ரயில்வே பிடுங்கிக்கொள்ளும் என்று மாநிலச் சங்கங்கள் புலம்பும். புலம்பட்டும். மாநிலச் சங்கங்கள் அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தன, கிட் பேக்கா?

2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்ட ஊதியம் என்று பி.சி.சி.ஐ. அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். 2023ல் மகளிர் பிரீமியர் லீக் வந்தது, ஸ்மிருதி மந்தனாவை பெங்களூரு அணி 3.4 கோடிக்கு எடுத்தது. அதோடு அரசு வேலையின் கவர்ச்சி போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையை எடுத்த அணியில் ரேணுகா சிங், ஸ்னேஹ் ராணா, பிரதிகா ராவல் மூவரும் ரயில்வே, வென்ற கையோடு அவர்களுக்கு அதிகாரி நிலையில் பதவி உயர்வு. தொடரின் சிறந்த ஆட்டக்காரி தீப்தி சர்மா உத்தரப் பிரதேசத்தில் காவல் துணைக் கண்காணிப்பாளர். இது காசுக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். லீக் ஏலம் என்பது இந்த வருடத்து உடம்புக்கு விலை. முட்டி போனால் விலையும் போகும். யூனிஃபார்ம் அப்படிப் போகாது.

கிரிக்கெட்டாவது பரவாயில்லை. கபடியைப் பாருங்கள். ஆண்களுக்கு ப்ரோ கபடி 2014ல் வந்து, கிராமத்துப் பையன்கள் கோடி ரூபாய் ஏலத்துக்குப் போகிறார்கள். பெண்களுக்கு 2016ல் மூன்று அணிகளை வைத்து ஒரு சின்னத் தொடர் நடத்திப் பார்த்தார்கள், அடுத்த வருடம் தொடரவில்லை. இத்தனைக்கும் இந்தியப் பெண்கள் அணி ஆசிய விளையாட்டில் 2010, 2014, அப்புறம் 2023ல் ஹாங்ஜோவில் என்று மூன்று முறை தங்கம் வாங்கியது. ஆக, கபடி ஆடும் பெண்ணுக்கு இன்றைக்கும் உச்சம் என்பது லீக் இல்லை, வேலை ஆணை. அவளுக்கு வேலையும் விளையாட்டும் எப்படிச் சமநிலையில் இருக்கும்? போட்டியின் முதல் பரிசே அந்த வேலைதான்.

இலங்கையிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு, கொஞ்சம் வேறு நிறத்தில். அங்கே முப்படைகளும் வங்கிகளும் பெண்கள் விளையாட்டைத் தாங்குகின்றன. கொழும்பில் வணிக நிறுவனங்களுக்கு இடையிலான வலைப்பந்தாட்டம் ஒரு தனி உலகம். யாழ்ப்பாணத்துக்காரரான தர்ஜினி சிவலிங்கம், 208 சென்டிமீட்டர் உயரம், 2019 உலகக் கோப்பையில் எல்லா நாட்டவரையும் விட அதிகக் கோல் போட்டவர், அவரும் உள்ளூரில் ஒரு வங்கி அணிக்காக ஆடியவர்தான்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் அரசு வேலை ஏதோ காமதேனு மாதிரி இருக்கும். இல்லை. ஸ்பான்சரே முதலாளியாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2023 போதும். மல்யுத்த சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி சாக்‌ஷி மாலிக்கும் வினேஷ் போகத்தும் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். இருவருமே ரயில்வே ஊழியர்கள். ஜூன் மாதம் அவர்கள் திரும்ப வேலைக்குப் போன செய்தி வந்ததும் ‘போராட்டம் முடிந்தது, பின்வாங்கிவிட்டார்கள்’ என்று தொலைக்காட்சிகள் ஓட்ட ஆரம்பித்தன. சத்தியாகிரகமும் நடக்கும், ரயில்வேயில் என் கடமையையும் செய்கிறேன் என்று சாக்‌ஷி விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. யோசித்துப் பாருங்கள், அரசாங்கத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு மாதச் சம்பளம் போடுவது அதே அரசாங்கம். அடுத்த வருடம் பாரிஸில் 100 கிராம் எடை கூடிப்போய் இறுதிப் போட்டியை இழந்த வினேஷ், செப்டம்பரில் அரசியலுக்கு வர முடிவெடுத்தபோது முதலில் செய்ய வேண்டியிருந்த காரியம் ரயில்வே வேலையை ராஜினாமா செய்வது. நடத்தை விதிகளின்படி அரசு ஊழியர் கட்சியில் சேர முடியாது. கிரிக்கெட் விளம்பரத்தில் கோடி சம்பாதிக்கும் ஆண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் வேறு.

பாண்ட் என்று ஒன்று உண்டு. இத்தனை வருடம் எங்களுக்காக ஆட வேண்டும், நடுவில் போனால் பணம் கட்டு என்பது. 171 அடித்த கையோடு ஹர்மன்ப்ரீத்துக்கு பஞ்சாப் அரசு போலீஸில் டி.எஸ்.பி. பதவி தருவதாகச் சொன்னது. மேற்கு ரயில்வேயில் அவருக்கு ஐந்து வருட பாண்ட் முடியவில்லை. விடுவிக்க மாதக்கணக்கில் இழுபறி. பஞ்சாப் முதலமைச்சரே ரயில்வே அமைச்சரிடம் பேசித்தான் தளர்ந்தது, 2018 மார்ச்சில் பதவியேற்றார். அவருக்கு முதலமைச்சர் பேசினார். தேசிய அணியில் ஆறாவதாக ஆடுகிற, பெயர் யாருக்கும் தெரியாத பெண்ணுக்கு யார் பேசுவார்கள்?

ஆனாலும் வேலை இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை நம்மிடமே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். 2012ல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தது செய்தியாக வந்தது. பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளராக வர இன்னும் சில வருடம் பிடித்தது. பதக்கம் வாங்கி பத்து வருடம் கழித்து. பதக்கம் வருவதற்கு முன்னாலேயே ஒரு நிரந்தர வேலை கையில் இருந்திருந்தால் அந்த அவமானத்தைத் தடுத்திருக்க முடியாதுதான், ஆனால் சூளைக்குப் போக வேண்டியிருந்திருக்காது. தமிழ்நாட்டில் இப்போது அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதன் மதிப்பை நான் இந்தக் கதையை வைத்துத்தான் அளக்கிறேன்.

கோச்சுகள் ஒரு குறை சொல்வார்கள். ‘வேலை கிடைச்சதும் பொண்ணுங்க ஆட்டத்தை விட்டுடுதுங்க.’ உண்மைதான், ஃபார்ம் டூ வரை வெறியோடு ஆடியவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்தில் உடம்பு போட்டு, கல்யாணம் ஆகி, துறை அணிக்கு மட்டும் ஆடுகிறவளாக ஆகிவிடுவது நிறைய நடக்கிறது. ஆனால் இதைக் குறையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து வயதிலிருந்து ஹாஸ்டலில் காலை நாலரைக்கு எழுந்தது எதற்காக? வீட்டில் சொல்லி அனுப்பியது ஒலிம்பிக்கை இல்லை, வேலையை. அது கிடைத்துவிட்டது. பந்தயத்தை முடித்தவளைப் பார்த்து ஏன் நின்றுவிட்டாய் என்று கேட்பது மாதிரி இருக்கிறது. அதற்கு மேலும் அவள் ஓட வேண்டும் என்றால் வேலைக்கு அப்பால் இன்னொரு பரிசை அங்கே வைக்க வேண்டும், அதை வைக்க வேண்டியவர்கள் கோச்சைப் போல வெயிலில் நிற்பதில்லை.

விடாமல் ஆடுகிறவர்களுக்கு வேறு கணக்கு காத்திருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆபீஸில் பதவி உயர்வு என்பது சீனியாரிட்டி, துறைத் தேர்வு, எந்த சீட்டில் என்ன வேலை பார்த்தாய் என்கிற அனுபவம், இதெல்லாம் சேர்ந்தது. பதக்கம் வாங்கினால் ஒரு தாவு தாவலாம். பதக்கம் வாங்காமல், ஆனால் பத்து வருடம் நேர்மையாக ஆடியவளுக்கு? கூடச் சேர்ந்தவர்கள் தேர்வு எழுதி மேலே போயிருப்பார்கள். இவள் முகாமில் இருந்திருப்பாள். 33 வயதில் ஆட்டம் முடிந்து முழுநேரமாக சீட்டில் உட்காரும்போது, ஃபைலில் குறிப்பு எழுதுவது எப்படி என்று தன்னைவிடப் பத்து வயது சின்னவனிடம் கேட்க வேண்டியிருக்கும்.

என் சித்தி மகள் அப்படித்தான். வாலிபால், லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தைத் தடுத்து எடுக்கிற ஆள். 21 வயதில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசுத் துறையில் கிளார்க், எந்தத் துறை என்று இங்கே வேண்டாம். நன்றாக ஆடிய வருடங்களில் ஆபீஸுக்குப் போனதைவிட ஓ.டி.யில் போனதுதான் அதிகம். ‘அதுக்கென்ன, கையெழுத்து போட மட்டும் வர்ற பொண்ணு’ என்று காதுபடவே சொல்வார்களாம். துறை அணி கோப்பை வாங்கி வந்தால் அதே ஆட்கள் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கோப்பை இப்போதும் மேலதிகாரி அறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அவள் முட்டியில் இரண்டு ஆபரேஷன். பையன் மூன்றாவது படிக்கிறான்.

இந்த வருடம் அவளுக்கு 36. முதல் முறையாகத் துறைத் தேர்வுக்குப் படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேஜையில் தடியாக ஒரு புத்தகம், பக்கத்தில் பையனின் ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு போட்ட நோட்டு. சம்பள நிர்ணயம், பயணப்படி, ஒழுங்கு நடவடிக்கை என்று வரிசையாக அத்தியாயங்கள். நான் புரட்டிக்கொண்டே போய் விடுப்பு விதிகளில் நின்றேன். அந்தப் பக்கங்களில் மட்டும் ஒரு கோடு கூட இல்லை. என்னடி, இதைப் படிக்கவே இல்லையா என்று கேட்டேன்.

“அந்த ஒரு சேப்டர் வேணாம்க்கா. பதினஞ்சு வருஷமா எழுதிக் குடுத்துக்கிட்டுத்தானே இருந்தேன், மனப்பாடம்.”